பாவாவிடம் கேட்காத கேள்வி

வருஷப் பிறப்பன்று காலையில் எங்கள் சர்ச் வாசலில் ஓர் ஆட்டோ நிற்கும். உள்ளே நாங்கள் கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டிருப்போம். வெளியே அந்த ஆட்டோவின் பின் சீட்டில் அதன் சொந்தக்காரரான என் அக்காவின் வீட்டுக்காரர், நெற்றி முழுக்க விபூதியோடு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார். முந்தின நாள் முழுவதும் மலைப்படியில் பாடிய களைப்பு. டிசம்பர் கடைசி நாள் திருத்தணியில் படித் திருவிழா. படிக்கு ஒரு பாட்டு, படிக்கு ஒரு கற்பூரம் என்று பஜனைக் கோஷ்டிகள் அடிவாரத்திலிருந்து முருகன் சன்னதி வரை பாடிக்கொண்டே ஏறும். கே.ஜி.கண்டிகை கோஷ்டியில் முன்பாட்டு எங்கள் பாவாதான்.

எங்கள் பக்கம் அக்கா புருஷன் பாவா, அப்பா நைனா. ஆந்திரா எல்லை டவுன் பஸ் தூரத்தில் இருந்தால் உறவுமுறைகள் டிக்கெட் இல்லாமலே ஏறி வந்துவிடும். எங்கள் சொந்தத்திலும் பாதிப் பேர் மலைக்குப் போவார்கள், மீதிப் பேர் சர்ச்சுக்குப் போவார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் நிற்கவில்லை.

மலையிலிருந்து இறங்கி வந்த பாவா வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். வருஷத்தில் அந்த ஒரு காலைதான் அவரை நான் பேச்சில் ஜெயிக்க முடியும். அதற்காகவே காத்திருப்பேன்.

"இன்னா பாவா, முருகன் தொண்டைய வாங்கி வெச்சிக்கினு வெறுங்கையோட அனுப்பிட்டாரா?"

அவர் கையை மட்டும் ஒருமுறை உதறுவார். போடா என்று அர்த்தம்.

ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் வழக்கம். உள்ளங்கையில் அடங்கும் அட்டை. ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம், ஓரத்தில் ஒரு ரோஜாப் பூ, அல்லது நாங்கள் யாரும் பார்த்திராத ஏதோ ஒரு பனிமலை. எல்லாவற்றையும் தாம்பாளத்தில் குப்புறப் பரப்பிப் போதகர் ஜெபம் பண்ணுவார். ஆளுக்கு ஒன்று. கையில் எது வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் உனக்குத் தந்த வாக்கு. நீ எடுத்தாயா, அவர் எடுக்க வைத்தாரா என்று கேட்கக் கூடாது. நான் கேட்டு நைனாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

கல்யாணமான முதல் வருஷம் அக்கா இரண்டு எடுத்தாள். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர் நைனா. தொடக்கப் பள்ளி வாத்தியார். சர்ச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்.

"இன்னொண்ணு யாருக்கு?"

"அவருக்கு நைனா."

"வாக்குத்தத்தம் விசுவாசிக்கும்மா. மாப்ள நேத்து எங்க இருந்தாரு?"

"மலையில."

"அப்ப?"

அக்கா ஒன்றைத் திருப்பித் தாம்பாளத்தில் போட்டாள். மற்றதை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போய் ஆட்டோவில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி அவர் கையில் கொடுத்தாள். நைனா தாம்பாளத்தோடு பின்னாலேயே ஓடினார்.

"அது உன்னுதும்மா!"

"ஆங், என்னுதுதான். என்னுத நான் யாருக்கு வேணா குடுக்கலாம் இல்ல?"

அதற்குள் இன்னொரு சிக்கல். பாவா படித்தது எல்லைக்கு அந்தப் பக்கம், தெலுங்கில். தமிழில் பஸ் போர்டு வரைக்கும்தான் ஓடும். அட்டையைப் பார்த்தார், ரோஜாப் பூவைப் பார்த்தார், மாமனாரிடமே நீட்டினார்.

"மாமா, இன்னா போட்டுக்கீது?"

வாத்தியாரிடம் ஒருவன் எழுத்தை நீட்டி என்ன என்று கேட்டால் வாசிக்காமல் இருக்க அவரால் முடியாது. நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு பிரசங்கக் குரலில் வாசித்தார். பாவா கைகூப்பி, கண்ணை மூடி, ஒவ்வொரு அடிக்கும் காற்றுக் குரலில் "ஆங் மாமா… ஆங் மாமா" என்று கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் நைனா எங்களுக்கு விளக்கம் கொடுத்தார்: "வாசிக்கறது என் வேல. குடுக்கறது என் வேல இல்ல."

அதன்பின் வருஷா வருஷம் அதே கதை. அக்கா ஒரே ஓர் அட்டை எடுப்பாள், அது பாவாவுக்கு. தனக்கென்று எடுத்ததே இல்லை. நைனா வாசலில் நின்று வாசிப்பார். பாவா அதை ஆட்டோவில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், போன வருஷத்து அட்டையின் மேலேயே ஒட்டுவார். முருகனுக்கு வழிவிட்டுத்தான் ஒட்டுவார். அந்தக் காலையில் சர்ச்சிலிருந்து வரும் பிளம் கேக் வாசனையும் அவர் சட்டையின் கற்பூர வாசனையும் ஒன்றாய்க் கலந்து வீசும். வருஷப் பிறப்பு என்றால் எனக்கு அந்த வாசனைதான். இன்று கேக் வாங்கலாம், கற்பூரமும் வாங்கலாம். அந்தப் பிரசங்கக் குரலுக்கு எங்கே போவது?

நைனா காலமானபின் தாம்பாளம் என் கைக்கு வந்தது. தகுதி பார்த்து இல்லை. கனமான தாம்பாளம், வேறு யாரும் முன்வரவில்லை. வாசலில் வாசிக்கும் வேலையும் கூடவே வந்தது.

இப்படி இருக்கையில்தான் ஒரு வருஷம் பாவாவுக்கு நெஞ்சில் வலி வந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியதில் இருதயத்துக்குப் போகும் குழாய்கள் அடைத்திருக்கின்றன, பொங்கல் கழித்து ஆபரேஷன் என்றார்கள். மற்றவர்கள் எல்லாரும் அவர் இருதயத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நான் அவர் ஆத்துமாவைப் பற்றிக் கவலைப்பட்டேன். ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால் பாவா எங்கே போவார்?

சிரிக்காதீர்கள். சிறு வயதில் திருவாலங்காட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது சர்க்கரை ஆலையின் புகைபோக்கி தெரியும். "நரகம்னா இன்னா நைனா?" என்று கேட்டதற்கு அவர் ஜன்னல் வழியாக அதைக் காட்டி, "அதுக்குள்ள இருக்கற பாய்லர் மாதிரி. ஆனா நிறுத்த மாட்டாங்க" என்றார். அன்று முதல் எனக்கு நரகம் என்றால் வெல்லப்பாகு வாசனை. ஐம்பதைத் தாண்டியும் ஜிலேபிக் கடைப் பக்கம் நின்றால் ஒரு கணம் பாவமன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பாய்லருக்குள் பாவா, விபூதியோடு, முன்பாட்டுப் பாடிக்கொண்டு நிற்பதாக ராத்திரியில் கனவு வந்தால் மனுஷன் என்ன செய்வான்?

நைனாவின் கணக்கு எளிது. கர்த்தர் கையை நீட்டுகிறார்; பிடித்துக்கொள்வதும் தட்டிவிடுவதும் உன் இஷ்டம்; தட்டிவிட்டவன் பாய்லருக்கு. இப்போதைய போதகர், என்னைவிட ரொம்பச் சின்னவர், வேதபாட வகுப்பில் வேறுமாதிரி சொன்னார். உலகம் உண்டாவதற்கு முன்னமே கர்த்தர் தமக்கானவர்களைத் தெரிந்துகொண்டார், அதாவது தேர்ந்தெடுத்துவிட்டார். நம் இஷ்டத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு நிம்மதி வந்தது. வகுப்பு முடிந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, அந்தத் தெரிஞ்சுகிட்டவங்கள்ல ஆட்டோ ஓட்டுறவரு ஒருத்தர் இருக்கலாங்களா?"

"யாரு வேணா இருக்கலாங்க."

"விபூதி வெச்சவரு?"

அவர் பைபிளை மூடினார். "அண்ணே, மொதல்ல உங்க பேரு இருக்கான்னு பாருங்க."

அதுவரைக்கும் ஓர் ஆளுக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து இரண்டு ஆள் பயம்.

ஒரே வழிதான் தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் பாவாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்க வைக்க ஒரே ஆள் அக்கா. அவள் ஆர்.கே.பேட்டையில் அங்கன்வாடி டீச்சர். ஒரு சாயங்காலம் பஸ் ஏறிப் போனேன்.

பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. ஒரே ஒரு பெண் குழந்தை மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டிப்போக வந்த அம்மாவிடம் "வரமாட்டேன் போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. காலையில் வாங்கித் தருவதாகச் சொன்ன பலூனை மறந்துவிட்டாளாம். அந்த அம்மா விசைத்தறியில் வேலை முடித்து அப்படியே வந்தவள், தலையெல்லாம் பஞ்சு. பொறுமை இல்லாமல் இழுக்கப் போனாள்.

"வுடும்மா," என்றாள் அக்கா. "கைய இழுத்தா கை மட்டுந்தான் வரும். உக்காரு. அதுவா வரும்."

நானும் உட்கார்ந்தேன். வந்த காரியத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"நீ கேளுக்கா. நீ கேட்டா ஒத்துக்குவாரு."

"ஆங், ஒத்துக்குவாரு. அதனாலதான் கேக்கல."

"இது இன்னாக்கா ஞாயம்?"

"நான் கேட்டா நாளைக்கே வந்து தலையக் குனிஞ்சிக்கினு நிப்பாருடா. எனக்காக. அது சாமிக்குத் தெரியாதா? இத்தினி வருசம் சும்மா இருந்துட்டு, இப்ப சாவு பயத்தக் காட்டி இஸ்துக்கினு போயி நிறுத்தறதா?"

"அப்ப அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கையையும் எடுத்து, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து, யாரையும் பார்க்காமல் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது. இருவரும் போனார்கள்.

"அது வராமயே இருந்திருந்தா?" என்று கேட்டேன். வாதத்தில் விடுவேனா.

"உக்காந்திருப்பேன்."

"இருட்டிட்டா?"

"இருட்டட்டுமே. உள்ள ஒரு புள்ள இருக்கும்போது பூட்டு போட்டுக்கினு வூட்டுக்குப் போவ எனக்கே மனசு வராது. அவருக்கு வருமா?" கையை மேலே காட்டினாள்.

"அப்ப நரகம்?"

"நைனா காட்டுன சக்கர மில்லா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கயும் சங்கு ஊதுனா எல்லாரும் வெளிய வந்துதானேடா ஆவணும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பதிலில் ஓட்டை கண்டுபிடிக்கப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை என்பதே பயமாக இருந்தது. நைனாவின் பிள்ளைக்கு நல்ல செய்தி அவ்வளவு சீக்கிரம் ஜீரணமாகாது.

பயந்தவன் கை சும்மா இருக்காது. டிசம்பர் கடைசி நாள் மத்தியானம், ஊரே மலைப்படியில் பாடிக்கொண்டிருக்க, நான் சர்ச்சுக்குள் தனியாக உட்கார்ந்து மறுநாளுக்கான அட்டைகளைப் பொறுக்கினேன். அக்கா பாவாவுக்காக எடுக்கும் அட்டையில் மரணம், மரணப் பள்ளத்தாக்கு என்று ஏதாவது வந்து தொலைத்தால் வாசலில் நின்று வாசிக்க வேண்டியவன் நான். ஆகவே மரணம் என்று இருந்ததையெல்லாம் எடுத்தேன். பிறகு கல்லறையை எடுத்தேன். நித்தியம் என்பதும் கொஞ்சம் இடித்தது, எடுத்தேன். கண்ணீரைத் துடைப்பேன் என்ற அர்த்தத்தில் ஒன்று; துடைப்பதற்கு முதலில் கண்ணீர் வர வேண்டுமே, அதையும் எடுத்தேன். சர்வவல்லவர் பார்க்க வேண்டிய வேலையில் கை வைக்கிறோமே என்று உதறல்தான். ஆனால் எல்லாம் முன்னமே குறிக்கப்பட்டது என்றால் நான் பொறுக்குவதும் குறிக்கப்பட்டதுதானே? போதகரின் உபதேசம் எனக்கு முதல்முறையாகப் பிரயோஜனப்பட்டது அன்றுதான். மிச்சமிருந்தவற்றில் பெரும்பாலும் ஆடு, மாடு, களஞ்சியம், திராட்சத்தோட்டம். குறைந்ததற்குப் போன வருஷத்து மிச்சத்திலிருந்து இன்னும் கொஞ்சம் மாடு சேர்த்தேன்.

மறுநாள் காலை ஆட்டோ வாசலில் நின்றது. பின் சீட்டில் ஆள் இல்லை. படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பாவா அடிவாரத்தில் உட்கார்ந்து தாளம் மட்டும் தட்டியிருந்தார். நான் தாம்பாளத்தோடு நிற்கும்போது பார்த்தேன், செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பின் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். விபூதி அப்படியே இருந்தது.

அக்கா முறை வந்தது. எப்போதும்போல ஒன்று எடுத்தாள். நகர்ந்தாள். அவள் பின்னாலேயே வந்த பாவா தாம்பாளத்தில் கையை வைத்தார்.

"பாவா, உனக்கு அக்கா எடுத்துட்டா."

"எனக்கு இல்லடா. இவளுக்கு." அந்த வருஷம்தான் வருஷப் பிறப்பன்று அவர் குரல் முழுசாக இருந்தது, சர்ச் முழுக்கக் கேட்டது. "எல்லாரும் எடுக்கறாங்க. இவளுக்கு எடுக்க ஆளு வேணாமா?"

வரிசை நின்றுவிட்டது. "நேத்து எங்க இருந்தாரு?" என்று அன்று நைனா கேட்ட கேள்வி என் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. இதே தாம்பாளம், இதே இடம். நான் போதகரைப் பார்த்தேன். அவர் தன் மேலங்கியின் பித்தானை ஒருமுறை திருகினார்.

"எடுங்க பெரியவரே," என்றார்.

பாவா கண்ணை மூடிக்கொண்டு, சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குவது போல நெடுநேரம் விரலால் துழாவி, ஒன்றை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அவள் அதை வாசித்தாள். புடவைத் தலைப்பால் ஒருமுறை அட்டையைத் துடைத்தாள், அதில் ஒன்றும் இல்லாதபோதும். பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். அதில் என்ன இருந்தது என்று இதுவரைக்கும் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டால், "உனக்கா எடுத்தாரு?" என்கிறாள்.

பாவாவின் அட்டையை வாசலில் நான்தான் வாசித்தேன். அவருடைய மந்தைகள் பெருகும் என்று வந்திருந்தது.

"மாடா?"

"ஆங் பாவா."

"நெஞ்சக் கிழிக்கப் போறவனுக்கு மாடா? ஆட்டோவ வித்துட்டு எரும வாங்கணுமா மச்சான்?"

சுற்றி நின்றவர்களும் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் ரிடையர்டு தபால்காரருக்குக் களஞ்சியம் நிரம்பும். சபையில் அந்த வருஷம் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் ஐசுவரியம். போதகர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பாவா அந்த ஆபரேஷனைத் தாண்டிவிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதையெல்லாம் எழுத எனக்குத் தைரியம் ஏது. ஆனால் ஆபரேஷன் அன்று காலை அது எங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி போட்டு, தள்ளு கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். விபூதியைத் துடைத்துவிட்டார்கள். இடுப்புக் கயிற்றை அறுத்துவிட்டார்கள். பார்த்தால் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்றே தெரியவில்லை. குளிரில் படுத்திருக்கும் ஒரு வயசாளி, அவ்வளவுதான். அக்கா நர்சோடு ஏதோ கேட்க உள்ளே போயிருந்தாள். நான் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன்.

"மச்சான், கிட்ட வா."

குனிந்தேன்.

"கேளு."

"இன்னா பாவா?"

"ரெண்டு மாசமா முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம கீறியே, அத்த. அவ சொன்னா. கேளுடா, நான் சரின்றேன். உனக்கு நிம்மதியா இருக்கும் இல்ல?"

தண்ணீர் என் கையில் இருந்தது. ஆள் சரி என்கிறார். அவசரத்துக்கு ஞானஸ்நானம் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நைனா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டால் போதும், கனவில் அந்தப் பாய்லர் அணைந்துவிடும். என் நெஞ்சு அடித்த அடிக்கு என்னைத்தான் அந்தக் கட்டிலில் ஏற்றியிருக்க வேண்டும். அப்போது போர்வைக்கு வெளியே பாவாவின் கால் விரல்களைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தன. அவருக்கும் பயம். அந்தப் பயத்தோடு படுத்துக்கொண்டு, என் பயத்தைத் தீர்த்துவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறார் மனுஷன். இவரிடம் நான் எதைக் கேட்டு வாங்கி யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

வாயைத் திறந்தேன். ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும்.

"பாவா… காப்பி குடிச்சியா?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"அடப்பாவி! நேத்து ராத்திரியிலருந்து எச்சில் முழுங்கக் கூட வுடல, காப்பி குடிச்சியாங்கறான் பாரு!" என்று சிரிக்க ஆரம்பித்தார். தள்ளிக்கொண்டு போக வந்த ஆள், "பெரியவரே, குலுங்காதீங்க, ஊசி கழண்டுக்கும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் அந்தக் கதவுக்குள் போனார்.

அக்கா ஓடி வந்தாள். "இன்னாடா, சிரிச்சிக்கினே போறாரு? கேட்டியா?"

"கேட்டேன்."

அவள் முகம் அப்படியே நின்றது.

"காப்பி குடிச்சியான்னு கேட்டேன்."

என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். இன்னொன்று. பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எது எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. நீள பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். நான் ஜெபம் பண்ணப் பார்த்தேன். பாவா உம்மிடம் வந்தால் என்று ஆரம்பித்து, அதற்குமேல் போக மனசில்லாமல், அவரை விட்டுவிட்டு எங்களை மட்டும் கூப்பிட வேண்டாம் என்று முடித்தேன். கர்த்தருக்கே நிபந்தனை போட நான் யார்? தெரியவில்லை. போட்டுவிட்டேன்.

மத்தியானம் ஆயிற்று. கதவு திறக்கவில்லை.

"நீயாவது போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வாடா," என்றாள் அக்கா. "காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல."

"பாவா வரட்டும்க்கா," என்றேன்.